ஜீனியாவும் ஜிஎஸ்பியும் தொட்டியைப் பிடித்துக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டி வைத்த முதல் வருடம் "பவளம் வளரவே மாட்டேன் என்கிறதே" என்று புலம்பியவர்கள்தான் மூன்றாம் வருடம் "இந்தச் சனியனை எப்படி ஒழிப்பது?" என்று கேட்டு வருகிறார்கள். நானும் அந்த வழியாக வந்தவன்தான். என்னுடையது சென்னையில் ஒரு மாடி வீட்டு ஹாலில் இருக்கும் நாலடித் தொட்டி, சுமார் 250 லிட்டர். ஜீனியா, ஜிஎஸ்பி போன்ற, கல் எலும்புக்கூடு கட்டாத மென்பவளங்களிடம் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஒருவழியாகச் சமாதானம் செய்துகொண்டேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தெந்தப் பவளங்கள் இப்படிப் படரும்?

தொல்லை தரும் கூட்டம் பெரியதல்ல. முதலிடம் பல்சிங் ஜீனியாவுக்கு. விரல்களை மூடித் திறப்பதுபோல் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். அடுத்தது, ஜிஎஸ்பி என்று எல்லோரும் சுருக்கிக் கூப்பிடும் கிரீன் ஸ்டார் பாலிப். ஊதா நிறப் பாய் விரித்து அதன்மேல் பச்சைப் புல் முளைத்ததுபோல் இருக்கும். அப்புறம் கிளவ் பாலிப், கென்யா ட்ரீ.

காளான் பவளம், ஜோவாந்திட், பாலிதோவா மூன்றையும் கடையில் இதே வரிசையில்தான் அடுக்கியிருப்பார்கள். ஆனால் அவை மென்பவளங்கள் அல்ல. பவளக் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு குட்டி உயிரையும் பாலிப் என்பார்கள். உண்மையான மென்பவளத்தின் ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டே எட்டுக் கைகள், கையின் இரு ஓரத்திலும் இறகுபோல் பிசிறு. ஜோவாந்திட்டின் கைகளை எண்ணினால் எட்டைத் தாண்டிவிடும், பிசிறும் இருக்காது. இது வெறும் வகுப்பறைப் பாடமல்ல. பாலிதோவாவில் கொடிய விஷம் இருக்கலாம், அதைக் கையாளும் முறையே வேறு. கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு வேகமாக வளர்கின்றன?

கல் பவளம் வளர வேண்டுமென்றால் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து எலும்புக்கூடு கட்டியாக வேண்டும். மென்பவளத்துக்குச் சதைக்குள் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துணுக்குகள் இருந்தால் போதும். வீடு கட்டும் செலவு இல்லாதவன் கையில் காசு புரள்வதுபோல, மிச்சமாகும் சக்தியெல்லாம் பரவுவதற்குப் போகிறது.

ஜீனியா வகையறாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு, அந்தத் துடிப்புதான். செங்கடலின் எய்லாத் கரையில் ஹெட்டிரோஜீனியா என்ற நெருங்கிய உறவை ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 2013-இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யும்போது ஆக்சிஜன் தேங்கி, அந்த வேலையையே மந்தமாக்கும். துடிப்பு அந்த ஆக்சிஜனை உதறித் தள்ளிவிடுவதால் ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுகிறது. நாம் ரசித்துப் பார்க்கும் அந்த அசைவுதான் நம் தொட்டியைப் பிடிக்கும் இயந்திரம்.

பரவும் முறையில் ஒவ்வொன்றும் ஒரு ரகம். ஜீனியாவின் தண்டு நெடுக்காகப் பிளந்து இரண்டாகும். மெல்ல நகரவும் செய்யும், நகர்ந்த வழியில் காலடிச் சதையைத் துண்டு துண்டாக விட்டுப் போகும். ஜிஎஸ்பி பாய்போல் ஓரத்தில் நீளும். கென்யா ட்ரீ கிளை நுனியை உதிர்க்கும், அது நீரோட்டத்தில் போய் எங்கே சிக்குகிறதோ அங்கே வேர்பிடிக்கும். வைத்தியமும் இந்த மூன்று ரகத்துக்கு மூன்று மாதிரிதான்.

அழகாகத்தானே இருக்கிறது, விட்டுவிட்டால் என்ன?

தொட்டியில் அது ஒன்று மட்டும் போதும் என்றால் தாராளமாக விடுங்கள். ஜீனியா மட்டுமே நிறைந்த தொட்டி பார்க்க நன்றாகவே இருக்கும். வேறு எதையாவது வைத்திருந்தால்தான் சங்கடம். ஜிஎஸ்பி பாய் பக்கத்துக் காளான் பவளத்தின் அடியில் நுழைந்து மேலே ஏறி மூடிவிடும். உயரமான ஜீனியா பக்கத்தில் இருப்பதற்கு வெளிச்சத்தை மறைக்கும். லெதர் என்ற மென்பவள வகைகள் டெர்பீன் என்ற ரசாயனங்களைத் தண்ணீரில் விட்டு, தொடாமலேயே அக்கம்பக்கத்தை வாட வைக்கும். லெதர் இருக்கும் தொட்டியில் அவற்றை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் எப்போதும் ஓட வேண்டும், மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

என் வீட்டில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்பி பின் கண்ணாடியில் ஏறி, தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் பற்கள்வரை போயிருந்தது. பச்சையாக அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். ஒரு ராத்திரி பற்களுக்கு நடுவே பாய் முழுதாக மூடி, தண்ணீர் கீழே சம்ப்புக்கு, அதாவது அடியில் இருக்கும் வடிகட்டும் தொட்டிக்கு, இறங்கவில்லை. மோட்டார் மட்டும் மேலே ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் எழுந்து காலைக் கீழே வைத்தால் மொசைக் தரையில் உப்புத் தண்ணீர். நல்லவேளை, சம்ப்பில் இருந்த அளவுதான் வெளியே வந்தது. அன்று முதல் ஓவர்ஃப்ளோவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் எது வளர்ந்தாலும் சுரண்டி எடுத்துவிடுவேன்.

ஜீனியாவைப் பிய்த்து எடுத்தேன், பத்து நாளில் மறுபடி முளைத்துவிட்டதே?

மேலே வெட்டினீர்கள், காலடி பாறையிலேயே இருந்துவிட்டது. கோரைப்புல்லைத் தலையில் அறுத்தால் கிழங்கு சும்மா இருக்குமா? பழைய இடத்தில் ஒன்றுக்கு மூன்றாக வரும். பிய்க்கும்போது சிதறிய துண்டுகள் வேறு, புது இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாறையைத் தூக்க முடியுமென்றால் தொட்டிக்குள் வைத்து எதையும் செய்யாதீர்கள். அந்தப் பாறையை மட்டும் எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் வையுங்கள். நகத்தால் காலடியைப் பக்கவாட்டில் நெம்பினால் வழுவழுவென்று ஒரு தட்டையான வட்டமாகக் கழன்று வரும். அந்த வட்டம் முழுசாக வந்ததா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரம் கிழிந்திருந்தால் மிச்சம் பாறையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வாளித் தண்ணீரிலேயே அலசி, பிறகு தொட்டிக்குள் வையுங்கள். வாளித் தண்ணீரைத் திரும்ப ஊற்றக் கூடாது.

பாறை பெரியது, தூக்க முடியாது என்றால் எனக்குப் பிடித்த வழி, பாலம் போடுவது. கைப்பிடி அளவுள்ள கல் ஒன்றை ஜீனியாவை ஒட்டி, வெளிச்சம் அதிகமாக விழும் பக்கத்தில் வையுங்கள். சில வாரங்களில் அது தானாகவே கல்லின்மேல் ஏறிவிடும். ஏறியதும் இடையில் இருக்கும் சதையை வெட்டிக் கல்லோடு வெளியே எடுத்துவிடலாம். இரண்டு மூன்று சுற்று இப்படி எடுத்தால் கூட்டம் நன்றாகக் குறையும். பொறுமை வேண்டும், ஆனால் கந்தரகோளம் எதுவும் நடக்காது.

ஜிஎஸ்பிக்கும் அதே வழிதானா?

இல்லை. அது நகர்வதில்லை, ஓரத்தில் நீள்கிறது. ஆகவே நம் வேலை ஓரத்தில்தான்.

கண்ணாடியில் இருந்தால் வேலை சுலபம். பிளாஸ்டிக் கார்டாலோ பெயின்டர் பட்டி போடும் தகட்டாலோ ஓரத்தைக் கிளப்பிவிட்டால், வெந்த தோசையைக் கல்லிலிருந்து எடுப்பதுபோல் பாய் அப்படியே உரிந்து வரும். பாறையில் இருந்தால் தோசை கல்லில் பிடித்துக்கொண்ட கதை. பாறையின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஊதாச் சதை இறங்கியிருக்கும், அரை சென்டிமீட்டர் உள்ளே நின்றால்கூடத் திரும்ப வரும். உரிக்க முடிந்தவரை உரித்துவிட்டு, மிச்ச இடத்தை மீன்தொட்டிக்கென்று விற்கும், மாவுபோல் பிசைந்து பூசினால் இறுகும் எபாக்சி புட்டியால் நன்றாக மூடி அழுத்திவிடுங்கள். வெளிச்சமும் தண்ணீரும் படாமல் அடியிலேயே செத்துவிடும். புட்டியை இரண்டு விரல் அகலம் தாராளமாக வெளியே இழுத்துப் பூசுவது முக்கியம், இல்லையென்றால் ஓரத்தின் வழியாக எட்டிப் பார்க்கும்.

பாதிப் பாறையைப் பிடித்துவிட்டது என்றால் என் ஆலோசனை ஒன்றுதான்: பாறையையே மாற்றுங்கள். அதைச் சுரண்டி நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன். கடைசியில் அந்தக் கல்லை வெளியே எடுத்து இரண்டு மாதம் மொட்டைமாடி வெயிலில் போட்டேன். ஜிஎஸ்பி போனது.

சுண்ணாம்பு வைத்துக் கொல்லலாம் என்கிறார்களே?

வைக்கலாம், சிறிய இடங்களுக்கு மட்டும். கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியை ஆர்ஓ தண்ணீரில் பற்பசைப் பதத்துக்குக் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஏற்றுங்கள். நீரோட்டம் கிளப்பும் வேவ்மேக்கரையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, பாலிப்பின்மேல் மூடும்படி மெல்லப் பிதுக்க வேண்டும். அரை மணி நேரம் விட்டு, மேலே நிற்கும் வெள்ளைப் படலத்தைச் சிறிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு மோட்டாரைப் போடலாம். சுண்ணாம்பு சதையைச் சுட்டுவிடும். அதனால் உங்கள் கையிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுதான் இங்கே ஆபத்து. ஒவ்வொரு துளியும் பிஎச்சை ஏற்றும். என் 250 லிட்டருக்கு ஒரு நாளைக்கு ரூபாய் நாணயம் அளவில் மூன்று இடம், அதற்குமேல் இல்லை. பிஎச் 8.5-ஐத் தொட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவேன். நூறு லிட்டருக்குக் குறைவான தொட்டியில் ஒரு இடத்தோடு நிறுத்துவது நல்லது.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஆகுமா என்று கேட்காதவரே இல்லை. வேண்டாம். அதில் வாசனையும் நிறமும் வேறு என்னென்னமோவும் சேர்ந்திருக்கும்.

சாப்பாட்டைக் குறைத்தால், நைட்ரேட்டை இறக்கினால் தானாக அடங்குமா?

வேகம் குறையும், ஒழியாது. மீன் தீனியாலும் கழிவாலும் சேரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகமாக இருக்கும் தொட்டியில் ஜீனியா துள்ளும் என்பது உண்மை. மீனுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை போடுபவர் இரண்டாகக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் ஜிஎஸ்பியைப் பட்டினி போட்டுக் கொல்வேன் என்று பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால், முதலில் வாடுவது நீங்கள் காப்பாற்ற நினைத்த பவளங்கள்தான். போதாததற்கு டைனோ என்ற பழுப்பு நிறச் சளி கிளம்பும், அது ஜீனியாவைவிடப் பெரிய தலைவலி. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05-ஐ ஒட்டி இருந்தால் போதும்.

தின்று தீர்க்கும் மீன் ஏதாவது உண்டா?

நம்பிச் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. சில பட்டர்ஃபிளை மீன்கள் மென்பவளத்தைக் கொறிக்கும், ஆனால் நீங்கள் காட்டியதை மட்டும் கொறிக்காது. ஓரா குடும்பத்து ஃபாக்ஸ்ஃபேஸ் பசி எடுத்தால் எதையும் கடித்துப் பார்க்கும், அவ்வளவே. ஃபில்லோடெஸ்மியம் என்ற ஓடில்லாக் கடல் நத்தைகளில் சில ஜீனியா வகைகளையே தின்று வாழ்கின்றன. கேட்க ஆசையாக இருக்கும். தொட்டியில் அவை மோட்டாரில் சிக்கிச் சாகும், இல்லையென்றால் சாப்பாடு தீர்ந்ததும் சாகும்.

நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்து போட்டால் ஜிஎஸ்பி செத்துவிடுமாமே?

ஃபென்பென்டசோலைச் சொல்கிறீர்கள். ஜிஎஸ்பி, ஜீனியா, கிளவ் பாலிப் மூன்றையும் அது கொல்லும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் நெடுநாளாகத் தெரிந்த சங்கதிதான். கூடவே பாறைக்குள் இருக்கும் புழுக்களும் சில நத்தைகளும் போகும். அத்தனையும் உள்ளே அழுகி அம்மோனியா ஏறும். மருந்து பாறைக்குள் ஊறி நெடுநாள் நிற்கும் என்பதால், பிறகு ஆசைப்பட்டு ஒரு மென்பவளம் வாங்கி வைத்தாலும் நிற்காது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடலாமா?

பாறையோடு முழுசாக வெளியே போகிறது என்றால் எடுக்கலாம். உள்ளேயே வெட்டிச் சுரண்டுவது என்றால் மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் ஒரு வாரம் இடைவெளி. நசுங்கிய ஜீனியா சீக்கிரம் கரைந்து நாறும். கை வைத்த அன்றே நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, புதுக் கார்பன் போட்டு, இரண்டு நாள் அம்மோனியா பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறையை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் சுத்தமாகிவிடாதா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பாலிதோவாவிலும் சில ஜோவாந்திட்களிலும் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. இயற்கையில் தெரிந்த மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. ஹவாயின் மவுயி தீவில், ஹானா என்ற ஊருக்கு அருகே ஒரு கடலோரக் குட்டையில் வளர்ந்த ஒன்றை ஈட்டி முனையில் தடவினால் ஆள் பிழைக்க மாட்டான் என்று அங்குள்ளவர்கள் சொல்லி வந்தார்கள். அந்தக் குட்டையைத் தொடக் கூடாத இடமாகவே வைத்திருந்தார்கள். அங்கிருந்த பாலிதோவாவிலிருந்துதான் மூர், ஷோயர் என்ற வேதியியலாளர்கள் 1971-இல் இந்த விஷத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

கொதிக்கும் தண்ணீரோ வெந்நீர் ஊற்றிய பாறையோ கிளப்பும் ஆவியோடு இது மூச்சுக்குள் போகும். பாறை தேய்த்த அறையில் இருந்த குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், நடுக்கம், இருமல், மூச்சுத் திணறல், தசை வலி என்று வரும். பார்த்தால் ஃப்ளூ மாதிரியே இருப்பதால் டாக்டரிடம் நீங்களாகவே "பாலிதோவா என்ற கடல் பவளத்தைக் கையாண்டேன், பாலிடாக்சினாக இருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது, எனவே தாமதிக்காமல் போங்கள்.

எது விஷமுள்ளது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் எல்லா ஜோவாந்திட்டையும் விஷமுள்ளதாகவே நடத்துகிறேன். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் போட்டுக்கொண்டு, ஜன்னல் திறந்த இடத்தில், பிள்ளைகளையும் நாயையும் அப்பால் அனுப்பிவிட்டுத்தான் வேலை. வெட்டும்போது அது சர்ரென்று நீரைப் பீய்ச்சும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. காய்ந்த பாறையை பிரஷ்ஷால் தேய்ப்பதும் தவறு, தூசியாகப் பறக்கும். வெட்டி எடுத்ததையும் கருவிகளையும் நீர்த்த பிளீச்சில் அரை மணிக்கு மேல் ஊற வையுங்கள். அந்த பிளீச்சில் வினிகரைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

அப்படியானால் எங்கே வைத்தால் பிரச்சினை வராது?

இதை வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் மேலே உள்ள கேள்விகளில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது. நான் முதல் முறை தோற்றது இங்கேதான். உள்ளங்கை அளவு ஜிஎஸ்பி வாங்கி வந்து, நடுப் பாறையின் உச்சியில், நன்றாகத் தெரியட்டும் என்று ஒட்டினேன். ஒன்றரை வருடத்தில் நடுப் பாறையே அதுதான் என்றாகிவிட்டது.

படரும் எதையும் பெரிய பாறையில் ஒட்டாதீர்கள். தனிக் கல்லில் ஒட்டி, அந்தக் கல்லை மணலில் தனித் தீவாக வையுங்கள். சுற்றிலும் ஒரு சாணாவது வெறும் மணல் இருக்கட்டும். ஜீனியாவுக்கு மணலில் பிடிமானம் கிடைக்காது. ஜிஎஸ்பி மணல்மேலும் கொஞ்ச தூரம் நீளும், ஆனால் அங்கே கத்தரியால் நறுக்குவது சுலபம். தீவைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்காதீர்கள், அதுவே பாலமாகிவிடும். கென்யா ட்ரீக்கு மட்டும் இந்தத் தீவுச் சிறை செல்லுபடியாகாது, கிளையை உதிர்த்துக் கடல் தாண்டிவிடும். உதிர்ந்ததை வாரம் ஒருமுறை பொறுக்க முடியாதவர்கள் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

புதிதாக எது வாங்கினாலும் ஒட்டிவரும் பீங்கான் வில்லையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். என் தொட்டிக்குள் ஜீனியா இரண்டாம் முறை வந்தது ஒரு காளான் பவளத்தின் வில்லைக்கு அடியில், மிளகளவு பழுப்புத் துண்டாக.

எடுத்ததை என்ன செய்யலாம்?

நல்ல ஜீனியா என்றால் யாராவது கேட்பார்கள். கொளத்தூர் பக்கம் தெரிந்த கடைக்காரர் இருந்தால் மீன் தீனிக்கு மாற்றிக்கொள்ளலாம். கல்லில் ஒட்டிக் கொடுக்கலாம் என்றால் சூப்பர் க்ளூ இதன் வழவழப்பில் நிற்காது. சின்னக் கிண்ணத்தில் ஜல்லி போட்டு, வெட்டிய ஜீனியாவை வைத்து, கொசுவலைத் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் சில நாளில் தானே ஒட்டிக்கொள்ளும். பழைய பாறைத் துண்டோடு மட்டும் கைமாற்றாதீர்கள், அது கல் பவளத்தின் எலும்புக்கூடாக இருக்கலாம். இந்தியாவில் கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

வேண்டாத மிச்சத்தை நல்ல தண்ணீரில் ஊற வைத்து, ஒரு நாள் வெயிலில் காயப்போட்டு, குப்பையில் சேருங்கள். பெசன்ட் நகர் போகும்போது கடலில் விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார், பாவம் பார்த்துத்தான் கேட்டார். வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காக் கடலில் இன்று பவளத்தையும் கடற்புல்லையும் போர்த்திக்கொண்டு கிடப்பது உனோமியா ஸ்டோலோனிஃபெரா, ஜீனியா குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சொந்த ஊர் இந்திய, பசிபிக் பெருங்கடல்கள். மீன்தொட்டி வணிகத்தின் வழியாகத்தான் அங்கே போனது என்று கருதுகிறார்கள். 2020-இல் ஹவாயின் பேர்ல் ஹார்பரிலும் அதைக் கண்டார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுவதை நம் மன்னார் வளைகுடாவும் பார்த்திருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவில் பவளங்களின்மேல் படர்ந்து மூடியது.

ஒன்றுமே செய்யாமல் ஜீனியா மொத்தமும் ஒரே வாரத்தில் கரைந்துவிட்டது. சந்தோஷப்படுவதா?

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். ஜீனியா இப்படித் திடீரென்று சரிவது புதிதல்ல. உப்பின் அளவோ வெப்பமோ சட்டென்று மாறினாலும், சத்து மிகவும் குறைந்தாலும் நடக்கும். மே மாதம் கரண்ட் போய், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்ற மறுநாள் எனக்கு நடந்தது. அழுகியதை உடனே உறிஞ்சி எடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாறையின் நிழல் பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், ஒன்றிரண்டு துடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் தொட்டியில் இப்போது ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. ஜீனியா என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் விருந்தோம்பல் என்று பொருளாம், முழுக்க விரட்ட மனசு வரவில்லை. இடது மூலையில் மணல்மேல் ஒரு கல்லில் பத்துப் பன்னிரண்டு தண்டுகள். பின் கண்ணாடியில் ஒரு தட்டு அளவு ஜிஎஸ்பி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரம் சுரண்டப்படும். போன வாரம் ஒரு ஜீனியாத் தண்டு நடுப் பாறையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, தொட்டுவிட இன்னும் இரண்டு விரல் தூரம்தான். கத்தரியை எடுத்துத் தொட்டி மூடிமேல் வைத்திருக்கிறேன்.